எருதுக்குள் இருக்கிறவனுக்கு முன்னால் தெரியாது

— வா, வா, வா... ரெய்னியர், நில்லு! நில்லுன்னா நில்லுடா! என் கால் மேல ஏறிட்ட.

— உன் காலு எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் இடெல்மிஸ்? இந்த எருது எந்திரத்துக்குள்ள உக்காந்தா தூக்குன பெட்டி மட்டும்தான் தெரியுது. பெட்டிக்கு அந்தப் பக்கம் நீ இருக்கியா, சுவரு இருக்கா, ஒண்ணும் தெரியலை.

— பின்னாடி போ. ஓரடி. இன்னொரு அடி. ஆங். இப்போ எருதோட இடது காலைத் தூக்கி சாய்பலகையில வை.

— வச்சாச்சு. செத்துட்டியா?

— கம்ப்யூட்டர் விளையாட்டுல செத்தா அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சு வந்துடலாம். பாதி உயிர்தான் போச்சு, ஊசி போட்டுக்கிட்டேன். நீ வா. வரலாம், வரலாம். வலது கையைக் கொஞ்சம் இறக்கு, பெட்டி சாயுது.

— இந்த விளையாட்டைச் செஞ்சவனைக் கூட்டிட்டு வந்து நம்ம ஹவானா துறைமுகத்துல ஒரு நாள் மூட்டை தூக்க விடணும் கேப்டன். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவுற கப்பல் கட்டத் தெரிஞ்சவனுக்கு, பாரம் தூக்குற எந்திரத்துக்கு முன்னாடி ஒரு ஓட்டை வைக்கத் தெரியலை பாரு.

— ஓட்டை வச்சிருந்தா நீ என்னைக் கூப்பிட்டிருப்பியா? தனியாவே தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்ப.

— பொறு பொறு, இறக்கவா?

— இறக்கு. மெதுவா. அரை விரல் வலது. விளக்கு இன்னும் சிவப்பு. இன்னும் கொஞ்சம். எரிஞ்சிடுச்சு, பச்சை. தரையில பூட்டிக்கிச்சு.

— ஆகட்டும். இது எத்தனாவது?

— ஏழு. உன் கப்பல்ல இன்னும் ஏழு இருக்கு. ரெய்னியர், இந்த ஏழும் இனிமே என் பேருல. பார்த்தியா? பெட்டி மேல எழுத்து மாறிடுச்சு.

— அதுக்குத்தானே எருதுல தூக்கி வைக்கிறேன். கையில கொடுத்தா பேரு மாறாது. நாமளே தூக்கி, நாமளே அடுத்தவங்க கப்பல்ல வச்சு, பச்சை எரிஞ்சாத்தான் உண்டு. உயில் பத்திரம் மாதிரி.

— ஆமாமா. உயில் மாதிரியேதான்.

— இதுக்கு ஏன் குரல் அப்படிப் போகுது?

— எப்படியும் போகலை. அடுத்ததை எடு.

— உன் தெருவுல கரண்டு இருக்கா? எங்க பழைய ஹவானா பக்கம் காலையில ஆறு மணிக்குப் போனது. ரொட்டிக் கடை ஜெனரேட்டர்ல பேட்டரியை நிரப்பிட்டு வந்தேன். இப்போ பாதிதான் மிச்சம்.

— இருக்கு.

— அக்கரையில இருக்குற ரெக்லாக்காரங்க உங்களுக்கு மாதா துணை. எங்க தெருவுக்குக் கொசுதான் துணை.

— பேச்சை மாத்தாதே. ஒண்ணு கேக்குறேன், சிரிக்காம பதில் சொல்லு. எதுக்கு உன் பெட்டியெல்லாம் என் கப்பலுக்கு மாத்துற?

— இருக்குறது ரெண்டே பேரு. ரெண்டு பேருக்கு ரெண்டு கப்பல் எதுக்கு? எல்லாத்தையும் உன் 'பிடிவாதக்காரி' கப்பல்ல ஏத்திட்டா என் ஓட்டைக் கப்பலை உடைச்சுப் போட்டுடலாம்.

— அட சீ. இதையேதான் லிஸ்வானும் சொன்னான்.

— லிஸ்வான் என்ன சொன்னான்?

— கப்பல்ல எலி புகுந்துடுச்சு, மருந்தடிக்கணும், அதுவரைக்கும் பெட்டியெல்லாம் உன்கிட்ட இருக்கட்டும்னான். விண்வெளியில எலி! நானும் லூசு மாதிரி நின்னு இடது, வலதுன்னு வழி சொன்னேன். அடுத்த வியாழக்கிழமை நாட்டை விட்டே போய் மனாகுவாலேர்ந்து படம் போடுறான், கையில ஒரு பெரிய இளநி.

— அவன் எப்பவுமே அப்படித்தான்.

— யோவாந்திரி? அவனும் அப்படித்தானா? காப்பீடு அது இதுன்னு வாயில வந்ததைச் சொல்லி எட்டு பெட்டி மாத்தினான். மூணு நாள் கழிச்சு மெக்சிகோ எல்லையில நிக்கிறான். அந்த ரெட்டையனுங்க அதுக்கும் மேல. வாயே திறக்கலை. வச்சானுங்க, வச்சானுங்க, சோறு வேகுது போயிட்டு வர்றோம்னானுங்க. சோறு மயாமியில வெந்துச்சு போல.

— ஹஹ்ஹா.

— சிரிக்காதேன்னேன்ல.

— சரி சரி. எட்டாவது பெட்டி தூக்கிட்டேன். வழி சொல்லு கேப்டன்.

— நேரா வா. நம்ம குழுவுல ஆறு பேரு இருந்தோம் ரெய்னியர். ஒருத்தன் கூட, ஒரே ஒருத்தன் கூட, நான் போறேன்னு சொல்லிட்டுப் போகலை. பெட்டியை மட்டும் கொண்டாந்து வச்சானுங்க. வலது. இன்னும் வலது.

— நம்ம ஊர்ல யாரு சொல்லிட்டுப் போவாங்க? பயணத்தை வாயால சொன்னா கண்ணு பட்டுடும். விமானம் மேல ஏறி, சக்கரம் உள்ள போற வரைக்கும் பெத்த தாய்கிட்ட கூட மூச்சு விடக் கூடாது. உனக்குத் தெரியாததா?

— தெரியும். எங்க பெரியப்பா போனப்போ பெரியம்மா தெரு முழுக்க ரொட்டி வாங்கப் போயிருக்காருன்னு சொன்னாங்க. பதினோரு வருஷமா வாங்கிட்டிருக்காரு.

— என் கடைக்கு வந்திருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்.

— நில்லு. இறக்கு. சிவப்பு. சிவப்பு. எங்கடா கொண்டு போற? நான் சொல்றது காதுல விழுதா?

— நீ சொன்னதே கொஞ்சம் லேட்டா வருது. இன்னைக்கு உன் குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு.

— லைன் சரியில்லை. இடது, ஒரு விரல். பச்சை.

— எட்டு.

— லிஸ்வான் போனப்போ ரெண்டு நாள் அழுதேன். உன்கிட்ட கூடச் சொல்லலை. யோவாந்திரி போனப்போ ஒரு மத்தியானம். ரெட்டையனுங்க போனன்னைக்கு என்ன பண்ணேன் தெரியுமா? சேதி வந்தது, படிச்சேன், தட்டுல இருந்த கிழங்கை முழுசாச் சாப்பிட்டேன், தட்டைக் கழுவி வச்சேன். ஒண்ணுமே வரலை. மரத்துப் போச்சுடா. பல்லு புடுங்க ஊசி போட்டா கன்னத்தைக் கிள்ளினாலும் தெரியாதில்ல, அப்படி.

— இடெல்மிஸ்...

— சொல்றேன்ல, கேளு. சொல்லாம போனவங்களை முன்னாடியெல்லாம் வாய் வலிக்கத் திட்டுவேன். இப்போ திட்டவும் வாய் வரலை. அதனால உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். போறதா இருந்தா சொல்லிட்டுப் போ. நாள், நேரம் கூட வேண்டாம். போறேன்னு ஒரு வார்த்தை.

— நான் எங்கயும் போகலை.

— ஏர்போர்ட் வாசல் வரைக்கும் எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க.

— ரெக்லா மாதா சத்தியமா போகலை.

— மாதாவை இழுக்காதே.

— சரி, ரொட்டி மேல சத்தியம். எனக்குச் சோறு போடுறது அதுதான். போதுமா? ஒன்பதாவது தூக்குறேன், இது லிஸ்வான் முன்னாடியே என் கப்பல்ல விட்டு வச்ச பெட்டி. பூட்டு போட்டே வச்சிருக்கான். உள்ள என்னன்னு நீ எப்பவாவது பார்த்தியா?

— இல்ல. வேண்டாம். அப்படியே வை.

— உங்கம்மாவுக்கு என் மேல ஏதாவது கோபமா?

— ஏன்?

— வெள்ளிக்கிழமை ஒரு வேலையா ரோட்டு வழியா சுத்திட்டு இந்தப் பக்கம் வந்தவங்களைக் கோழி வாங்குற வரிசையில பார்த்தேன். ஓடிப் போய், "கரிதா அம்மா, நல்லா இருக்கீங்களா, இடெல்மிஸ் எப்படி இருக்கா"ன்னேன். முகத்தையே பார்க்கலை. "நல்லா இருக்கா, நல்லா இருக்கா"ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டு, வரிசையை விட்டே போயிட்டாங்க. கோழியை விட்டுட்டு! நம்ம ஊர்ல வரிசையில பாதி தூரம் வந்துட்டு யாராவது விட்டுட்டுப் போவாங்களா?

— அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சல்.

— அப்போ சாயங்காலம் வர்றேன். பார்த்துட்டுப் போறேன். பெட்ரோல் இல்லைன்னு பத்து நாளா நிறுத்தி வச்சிருந்த படகு இன்னைக்குக் காலையிலேர்ந்து ஓடுது. உன்னைப் பார்த்தும் பத்து நாளாச்சு.

— வேண்டாம். இன்னைக்கு வராதே.

— ரொட்டி கொண்டு வர்றேன். வெண்ணெய் போட்டது. ரெண்டு எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன்.

— வேண்டாங்குறேன்ல. இடது கால். சாய்பலகை. பார்த்து.

— நீ இன்னைக்கு சரியில்லை கேப்டன்.

— நான் சரியாத்தான் இருக்கேன். நீதான் சரியில்லை. கப்பலைக் காலி பண்றவன் நீ. வெண்ணெய் ரொட்டி கொண்டு வர்றவன் நீ. அம்மாவைப் பார்த்துட்டுப் போறேங்குற. இதெல்லாம் என்ன? நான் பச்சைக் குழந்தையா? யோவாந்திரி கூடக் கடைசி வாரம் எங்கம்மாவைப் பார்க்க வந்தான், காபித்தூள் கொண்டாந்து கொடுத்தான்.

— பொறு பொறு. இறக்கவா?

— இறக்கு. பச்சை. ஒன்பது. ரெய்னியர், சொல்லிடு. கோபப்பட மாட்டேன். கண்ணு வைக்க மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். போறேன்னு சொல்லு.

— போகாதவன் எப்படிப் போறேன்னு சொல்றது?

— சொல்லேன்! உனக்கு என்ன கஷ்டம்? சொன்னா எனக்கு மனசு லேசாகும்.

— லேசாகுமா?

— ஆமா.

— நான் போனா உனக்கு லேசாகுமா இடெல்மிஸ்?

— நான் அந்த அர்த்தத்துல சொல்லலை.

— வேற எந்த அர்த்தத்துல சொன்ன? என்னைத் துரத்துற மாதிரி இருக்கு. பத்தாவது பெட்டியை எடுத்துட்டு நடுவுல நிக்கிறேன். முன்னாடி போறதா, பின்னாடி போறதா?

— நேரா வா. துரத்தலை. எனக்குப் பேசத் தெரியலை, விடு.

— உனக்கா பேசத் தெரியாது? நாலு வருஷமா என் காதுக்குள்ள வழி சொல்றவ நீ. இடதுன்னா இடது, வலதுன்னா வலது. எனக்குத்தான் பேச வராது. எதையும் நேரத்துக்குச் சொன்னதில்லை. மாவு பிசையறவன் புத்தி, ஊறட்டும் ஊறட்டும்னு மூடி வச்சுடுவேன்.

— என்னத்தை மூடி வச்ச?

— பதினாலு பெட்டியும் ஏத்தி முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். கடைசிப் பெட்டி பச்சை எரிஞ்சதும்.

— இப்பவே சொல்லு.

— பேட்டரி வேற குறையுது. சரி, சொல்றேன். ஆனா நீ குறுக்கே பேசக் கூடாது.

— பேசலை.

— நான் போறதா இருந்தது.

— ம்.

— எவேலியோ மாமா ஏழு மாசமா முயற்சி பண்ணிட்டிருந்தாரு. அவரு வேலை செய்யுற ரொட்டிக் கடை முதலாளிக்கு அடுப்படியில ஒரு ஆளு வேணும். முதலாளியே காகிதம் போட்டுக் கொடுத்தாரு, வேலைக் காகிதம், தூதரகத்துக்கு. ஒரே ஒரு ஆளுக்கு. போன மாசம் ஆகட்டும்னு பதில் வந்துடுச்சு. நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. உன்கிட்டயும். நம்ம ஊர் வழக்கந்தான்.

— பார்த்தியா? பார்த்தியா, நான் சொன்னேன்ல! நல்லது ரெய்னியர். ரொம்ப நல்லது. மாதா மேல ஆணையா எனக்குக் கோபமே இல்லை. எப்போ கிளம்புற?

— குறுக்கே பேசாதேன்னேன்.

— சரி.

— ஒரு மாசம் தூங்கலை. விடிகாலையில மாவு பிசையுறப்போ நினைப்பேன், அங்க போனா இந்த மாவு, உப்பு, அடுப்பு எல்லாம் இருக்கும், கரண்டும் இருக்கும். ஞாயித்துக்கிழமை இருக்குமான்னு நினைப்பேன். நீ சாய்பலகை ஓரமா நின்னு நில்லுடான்னு கத்துறது இருக்குமான்னு. இருக்கலாம், விளையாட்டு எங்கேர்ந்தும் ஆடலாம். ஆனா நீ ரெக்லாவுல இருப்ப. நடுவுல இத்தனாம் பெரிய கடல். இந்த ஊரை விட்டு நகர மாட்டேன்னு நீதானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்ச?

— சொன்னேன்.

— அதான். புதன்கிழமை மாமாவுக்குப் போன் பண்ணி வரலைன்னுட்டேன்.

— என்ன?

— அவரு கத்துன கத்துல காது போச்சு. கிறுக்கன்னாரு, கழுதைன்னாரு. எல்லாத்துக்கும் ஆமான்னேன். எனக்கு இங்க ஒரு பொண்ணு இருக்கா மாமான்னேன். அப்புறம்தான் அடங்குனாரு. அந்தப் பொண்ணுக்குத் தெரியுமான்னாரு. இல்லைன்னேன். இன்னும் ரெண்டு கெட்ட வார்த்தை சொன்னாரு.

— ரெய்னியர்...

— நான் இன்னும் முடிக்கலை. கப்பல் ரெண்டு எதுக்குன்னு சொன்னது பொய்யில்லை. ஒரு கப்பல் போதும். ஒரு வீடும் போதும். உங்க மாடியில அந்தக் காலி அறையோட கூரையை நான் பார்த்துக்கிறேன். உங்கம்மாகிட்ட இன்னைக்கே வந்து பேசுறேன், காய்ச்சல்னாலும் பரவாயில்லை. இதைத்தான் பச்சை எரிஞ்சதும் சொல்ல இருந்தேன். பெட்டியை இறக்கவா?

...

— இடெல்மிஸ்? பெட்டியைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கிறேன். முன்னாடி ஒண்ணும் தெரியலை. இறக்கவா, வேண்டாமா?

— இறக்கு.

— வலதா, இடதா?

— எங்கயாவது இறக்கு.

— சிவப்பா இருக்குமே?

— இருக்கட்டும்.

— அழறியா? நீ அழுது நான் கேட்டதே இல்லை. நல்ல அழுகையா, கெட்ட அழுகையா? ஏதாவது திட்டேன். நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் வாய் திறந்தியாடா மடையான்னாவது சொல்லேன்.

— ரெய்னியர், அந்தக் காகிதம்... மாமாகிட்ட திரும்பக் கேளு. இப்பவே போன் பண்ணு. தப்புப் பண்ணிட்டேன், வர்றேன்னு சொல்லு.

— எதுக்கு?

— கேளேன்!

— கேட்டும் பிரயோஜனம் இல்லை. யாசேல் இருக்கான்ல, சித்தி மகன், அவனுக்கு மாத்திக் கொடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை தூதரகத்துல கையெழுத்துப் போட்டுட்டான், முத்திரையும் விழுந்துடுச்சு. பாவம், அவனுக்கு ரெண்டு பிள்ளைங்க. நீ ஏன் அதையே பிடிச்சுட்டுத் தொங்குற? நான் இங்க வேண்டாமா உனக்கு?

— எந்த ஊரு?

— எது?

— உங்க மாமா. அந்த ரொட்டிக் கடை. எந்த ஊர்ல இருக்கு?

— மாட்ரிட். ஏன்? ஒரே குளிராம், மாமா ராத்திரி மூணு கம்பளி போத்திக்கிறாராம். நமக்கு எதுக்கு அது? நீ எழுந்து முகத்தைக் கழுவு. இன்னும் நாலு பெட்டியை அப்புறம் பார்த்துக்கலாம். நாலு மணிப் படகைப் பிடிச்சா நாலரைக்கெல்லாம் உங்க வாசல்ல நிப்பேன். கதவை மட்டும் நீயே வந்து திற, உங்கம்மாவை அனுப்பாதே.

— ரெய்னியர், நான் வியாழக்கிழமையிலேர்ந்து மாட்ரிட்லதான் இருக்கேன்.